பக்கத்து சீட்

"கொஞ்சம் மெதுவா அடிங்க, சார். கீபோர்டு உடைஞ்சுடப் போகுது" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி. அந்த 'சார்' மட்டும் அவள் வாயிலிருந்து முக்கி முனகித்தான் வந்தது.

எழுத்தாளர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இத்தனை வருஷமும் வீட்டில் உட்கார்ந்து, பத்திரிகைக்கும் கம்பெனிக்கும் ஒரு பக்கத்துக்கு இவ்வளவு காசு என்று எழுதிக் கொடுத்தவர். ஆபீஸ் முடியும்வரை ஒரே பக்கத்தைத் தடவிக்கொண்டிருக்க அந்தக் கைக்கு வரவில்லை.

மிக்ஸி, வாஷிங் மெஷின் வாங்குகிறவர்களுக்குக் கொடுக்கும் விளக்கப் புத்தகங்களை எழுதும் பிரிவு அது. வேலை மலையாகக் குவிந்துவிட்டதால், மூன்று மாதத்துக்கு மட்டும் என்று இவரை எடுத்திருந்தார்கள். சேர்ந்த அன்றே மேனேஜர் எல்லாவற்றையும் கறாராகச் சொல்லிவிட்டார்: ஒன்பது மணிக்கு வந்துவிட வேண்டும், செல்போனில் அரட்டை கூடாது, சொந்தக்காரர்கள் சேர்ந்து இங்கே வேலை பார்க்கக் கூடாது, எதையாவது மறைத்தது தெரிந்தால் அன்றே வேலை போய்விடும். இவரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மத்தியானம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்கள். திறந்ததும் அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டியபடி சாப்பிடுவாள். அவளுக்குப் புது ஆளைக் கண்டாலே ஆகவில்லை என்று ஆபீஸே சிரித்தது.

அவள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "இங்க வேகமா எழுதினா யாரும் மாலை போட மாட்டாங்க. ஒரு ஆளே போதும்னு அவங்களுக்குத் தோணிடும். மெதுவா எழுதுங்க."

எழுத்தாளருக்கு அது எங்கே ஏறியது? வாசலில் வாட்ச்மேன் சல்யூட் வைக்கிறார். கைப்பிடி வைத்த நாற்காலி, அதுவும் சுற்றுகிற நாற்காலி. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் இத்தனை நாள் மென்று விழுங்கியவர், இப்போது கேட்காதவர்களிடமும் ஆபீஸ் பேரைச் சொன்னார். மூன்று மாதம் முடியப் போகிறதே என்று தினமும் காலண்டரைப் பார்த்தார்.

கடைசி வாரம் மேனேஜர் அறைக்குள் கூப்பிட்டார். "ரெண்டு பேர் வேலையை நீங்க ஒருத்தரே முடிக்கிறீங்க. உங்களை நிரந்தரமாக்கிடலாம்னு பார்க்கிறேன். ஆனா அங்க இனிமே ஒரு சீட்டுதான். பக்கத்துல இருக்காங்களே, அந்தம்மா வேலை எப்படி?"

வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்கூடப் போதும். பாவி மனுஷன், நாற்காலி ஆசை விடவில்லை.

"கொஞ்சம் மெதுவுதான், சார்" என்றார்.

அன்று மத்தியானமே மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவரே சொல்கிறார் என்பதையும் விடாமல் சொன்னார். அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. மேஜையைத் துடைத்து வைத்துவிட்டுக் கைப்பையை மாட்டிக்கொண்டாள்.

மேனேஜர் எழுத்தாளரின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவள் நேராக அங்கே வந்து நின்றாள். இந்த முறை 'சார்' போடவில்லை.

"பாப்பாவை இன்னிக்கு ஸ்கூல்லேருந்து நீங்களே கூட்டிட்டு வந்துடுங்க. நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."