அண்ணன் லென்ஸ்

"இதையே பில் போட்டுடுங்க" என்று அப்பா வலப்பக்கம் இருந்த கேமராவைக் காட்டினார்.

மகளுக்கு முகம் தொங்கிவிட்டது. கடைக்காரர் காதில் சரியாக விழவில்லையோ என்று இன்னொரு தடவை கேட்டார். அப்பா மறுபடியும் அதையேதான் காட்டினார்.

கண்ணாடி மேசை மேல் இரண்டு கேமராக்கள். இரண்டு கம்பெனிக்கும் ஜென்மப் பகை. ஆனால் விலை கிட்டத்தட்ட ஒன்றுதான், எடுக்கும் படமும் ஒன்றுதான். இவர்கள் வந்ததிலிருந்து கடைக்காரர் இரண்டையும் மாற்றி மாற்றிப் புகழ்ந்து, எதை எதற்காகப் புகழ்ந்தோம் என்று அவருக்கே குழம்பிவிட்டது.

ஒரே ஒரு சங்கதிதான் வித்தியாசம். இந்தக் கம்பெனி லென்ஸ் அந்தக் கம்பெனி கேமராவில் மாட்டாது.

வில்லங்கமே அங்கேதான். அப்பா வைத்திருப்பது போட்டோ ஸ்டுடியோ. கல்யாணம், விசேஷம் என்று வெளியே போய்ப் படம் எடுப்பது மகன். அவனிடம் இருக்கும் லென்ஸ் அத்தனையும் இடப்பக்கத்துக் கம்பெனி. தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டுவது, சின்ன அறையைப் பெரிதாகக் காட்டுவது, அரையிருட்டிலும் பளிச்சென்று எடுப்பது என்று வீட்டில் ஒரு அலமாரியே நிறைந்து கிடக்கிறது. எல்லாம் அப்பா வாங்கிக் கொடுத்ததுதான்.

மகள் இத்தனை நாளும் அண்ணன் பின்னால் விளக்குப் பிடித்தவள். நடுவில் கேமரா கையில் கிடைத்தபோது ஒரு கைக்குழந்தையைச் சில படங்கள் எடுத்தாள். அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு அவை ரொம்பவும் பிடித்துவிட்டன. அடுத்த மாதம் வீட்டுக்கு வந்து நீங்களே எடுத்துக் கொடுங்கள், உங்கள் அண்ணனை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மகளுக்கென்று வந்த முதல் வேலை. அதற்குத்தான் இந்தக் கேமரா.

அண்ணனும் கூட வந்திருந்தான். தாராள மனசுக்காரன்.

"என் கம்பெனியே வாங்குங்கப்பா. என் லென்ஸ் எல்லாம் அவளுக்கும் மாட்டும். எது வேணுமோ எடுத்துக்கட்டும். ஒரே வீட்டுல எனக்கென்ன, அவளுக்கென்ன?"

கடைக்காரர் உருகிப் போனார். இப்படி ஓர் அண்ணன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று மகளிடம் சொன்னார். அவளும் தலையாட்டினாள்.

அப்பா மட்டும் அசையவில்லை. வலப்பக்கத்துக் கேமராதான் கைக்கு லேசாக இருக்கிறதாம்.

கடைக்காரர் இரண்டையும் ஒவ்வொரு கையில் ஏந்திப் பார்த்தார். அப்பா சொன்னதுதான் கனம். அதை மெதுவாக எடுத்துச் சொன்னார்.

"கனமா இருந்தாத்தான் கை ஆடாது" என்றார் அப்பா, கொஞ்சமும் கூச்சப்படாமல்.

இதற்கு மேல் யார் என்ன பேசுவது? மகன் தங்கையின் காதருகே குனிந்து, என் லென்ஸ் மேல் உன் கை படக் கூடாது என்று பார்க்கிறார், அவ்வளவுதான் விஷயம் என்று முணுமுணுத்தான். உங்கள் இஷ்டம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவரப் போனான்.

மகளுக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. மகன் சாமானை மகள் தொட்டால் ஆகாது. அதற்காக அத்தனை லென்ஸும் வீட்டில் இருக்கும்போது, கேமராவுடன் வரும் ஒற்றை லென்ஸோடு அவள் மல்லுக்கட்ட வேண்டும். பெற்ற அப்பனே இப்படிக் கணக்குப் பார்த்தால் யாரிடம் போய்ச் சொல்ல?

கடைக்காரர் பில் போட உள்ளே போனதும் கேட்டேவிட்டாள்.

"உங்க பிள்ளை லென்ஸை நான் தொட்டா தேஞ்சா போயிடும்? அவனே தர்றேன்னு சொல்றான். உங்களுக்கு ஏம்ப்பா மனசு வரல?"

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"உனக்கு ஒரு ஃபிளாஷ் வாங்கித் தந்தேனே, அது எங்கம்மா?"

"அண்ணன் பையில இருக்கு. ஏதோ அவசரம்னு கேட்டான்."

"ஸ்டாண்டு?"

"அதுவும் அவன் பையிலதான்."

"அந்தப் பை யாருது?"

அந்தப் பை அவளுடையது. அவள் பிறந்த நாளுக்கு அப்பா வாங்கித் தந்தது. ஒரு நாளைக்கு என்று வாங்கிப் போனவன் தோளில் அது அப்படியே ஒட்டிக்கொண்டதை அவளே மறந்து போயிருந்தாள்.

"கெட்டவன் இல்ல அவன். திருப்பிக் கொடுக்கணும்னு தோணாது. உனக்கும் கேக்க வாய் வராது" என்றார் அப்பா.

வெளியே வண்டி வந்து நின்றது. மகன் ஹாரன் அடித்தான். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. கடைக்காரர் கொண்டுவந்த பெட்டியை வாங்கி மகளின் இரண்டு கையிலும் வைத்தார்.

"அவன் லென்ஸ் எதுல மாட்டாதோ, அந்தக் கேமராதாம்மா உன் கையில நிக்கும்."