அட்டை ஏறாத கால்

நோர்வூட்டில் விடியற்காலையிலிருந்தே மழை. மலையோட்டப் போட்டி தொடங்கி ஒரு மணி நேரத்திற்குள் கேஷிகாவின் கால்களில் ஏழெட்டு அட்டைகள் ஏறிவிட்டன. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதெல்லாம் ஒரு விஷயமா? பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினாள்.

பாதி வழியில், தேயிலைக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓடும் கானில் வழுக்கி விழுந்தாள். பின்தலை நச்சென்று கல்லில் பட்டது. எழுந்து தடவிப் பார்த்தாள். காயம் எதுவுமில்லை. அதன்பிறகு ஏற்றத்தில்கூட அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. எப்படியோ, பெண்களில் மூன்றாவதாக வந்துவிட்டாள்.

சற்று நேரத்தில் ஓடி முடித்து வந்த பக்கத்து லயத்து ஜெயந்தினி, கூடாரத்தடியில் உட்கார்ந்து காலில் உப்பைத் தேய்த்தாள். அட்டைகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன.

“அடியே, ஒங் கால்ல ஒண்ணக்கூட காணோமே! என்னாத்த பூசுன?”

“ஒண்ணும் பூசலடி. காலையில ரெண்டு பேரும் ஒரே சவுக்காரந்தானே தேச்சோம்?”

கேஷிகா குழப்பத்தோடு குனிந்து பார்த்தாள். காலையில் அட்டை கடித்த இடங்களிலும் துளி இரத்தமில்லை.

புல்லில் புதிதாக ஓர் அட்டை வந்துகொண்டிருந்தது. அதன் முன்னே கையை விரித்து வைத்தாள்.

“கடியேன்” என்றாள் மெதுவாக.

அட்டை தலையைத் தூக்கி, அப்படியும் இப்படியும் துழாவியது. பிறகு வழியில் கிடக்கும் கல்லைக் கடப்பதுபோல அவள் விரல்கள்மேல் ஏறி, மறுபக்கம் இறங்கி, ஜெயந்தினியின் காலை நோக்கி அளந்து அளந்து போனது.