பின்பக்கம் வரை ஊறிய மை

"உங்க பொண்ணுக்கு வெட்கம்னு ஒண்ணு இருக்காம்மா?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வைகளுக்கு மையால் குறி போட்டுக்கொண்டிருந்தவள், ஃபோன் வந்ததும் அப்படியே ஓடி வந்திருந்தாள். மை படிந்த விரல்களை மடக்கி மடியில் மறைத்துக்கொண்டாள்.

பக்கத்தில் ஒன்பதாம் வகுப்பு மகள், ஒரு பக்கம் ஒட்ட வெட்டிய முடியோடு ஜன்னலைப் பார்த்து நின்றாள். முடி வெட்டிய அன்று வீட்டில் பெரிய சண்டை. "இனிமே உனக்கு நான் எதுவும் செய்ய மாட்டேன். உன் வேலைய நீயே பாத்துக்க" என்ற மகள், பத்து நாளாக அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"கிளாஸுக்கு வர்றதில்ல, வந்தா எதிர்ப்பேச்சு. அப்பா விட்டுட்டுப் போன பொண்ணாச்சேன்னு பொறுத்தேன். இப்ப கள்ளக் கையெழுத்து வேற." தலைமையாசிரியை ஒரு தாளை நீட்டினார்.

அம்மா அதை வாங்கி மகளிடம் கொடுத்தாள். "நீயே படி. உன் வாயாலேயே வரட்டும்."

மகள் அவளை ஒரு கணம் முறைத்தாள். பிறகு கடகடவென்று படித்தாள். "வெள்ளிக்கிழமை ஓட்டப்பந்தயத்துக்கு என் மகளை வெளியூர் அனுப்பச் சம்மதிக்கிறேன். இப்படிக்கு, தாய்."

"அந்தக் கையெழுத்தைப் பாருங்க." தலைமையாசிரியை மூன்று வருட ரேங்க் கார்டுகளை மேசையில் பரப்பினார். "இதுலயெல்லாம் எவ்வளவு அழகா சாய்ச்சுப் போட்டிருக்கீங்க. அது கோழி கிளறின மாதிரி கோட்டை விட்டு இறங்கிப் போகுது. மை வேற பின்பக்கம் வரைக்கும் ஊறிக் கிடக்கு."

"நான்தான் போட்டேன்," என்றாள் மகள், ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல். "பேர அடிச்சிடுங்க."

"உன்ன விட்டா ஓட ஆளில்லங்கிற திமிரு. இரு." தலைமையாசிரியை பெயர்ப் பட்டியலை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

அம்மா எழுந்தாள். மடக்கிய விரல்களை விரித்து மேசை மேல் வைத்தாள். கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும் தாளில் இருந்த அதே கறுப்பு.

"அழகா இருக்கறதெல்லாம் இவ போட்டது, டீச்சர். நான்தான் போடச் சொன்னேன். பத்து நாளா கந்தல் துணியில எழுதிப் பழகினேன். எனக்கு வந்தது அந்தக் கிறுக்கல்தான்."

பேனா பட்டியலின் மேலேயே நின்றது.

மகள் தன் பையோடு அம்மாவின் பையையும் எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.