பன்னிரண்டு வோல்ட்டும் ஒரு விரலும்

"கையை எடுக்காதே, எஞ்சினியரம்மா. அப்படியே வை," என்றார் ஷவ்கி.

நிவீன் அசையாமல் நின்றாள். காலையிலிருந்து கொசு போலக் கீச்சிட்டுக்கொண்டிருந்த சர்க்யூட் போர்டு, அவளுடைய ஆள்காட்டி விரல் பட்டதும் அடங்கிவிட்டது. அளவுக்கருவியின் திரையில் தாறுமாறாகத் துள்ளிய அலை நேர்கோடாகப் படுத்தது. பன்னிரண்டு வோல்ட்.

அலெக்சாந்திரியாவில் ஷவ்கி நடத்தும் சின்னத் தொழிற்சாலை அது. பாலைவன மருந்தகங்களுக்காக, சூரிய மின்சாரத்தில் ஓடும் தடுப்பூசிப் பெட்டி செய்திருந்தார்கள். பேனல் தரும் நாற்பது வோல்ட்டைப் பன்னிரண்டாகக் குறைத்துத் தருவதுதான் அந்தப் போர்டின் வேலை. அதை வரைந்தவர் ஷவ்கி. ஆகவே அதில் தப்பு இருக்க முடியாது என்பது தொழிற்சாலையின் எழுதாத சட்டம்.

"நல்லாத்தானே இருக்கு. இதுல என்ன கோளாறு?"

"விரலை எடுத்தா திரும்பக் கத்தும், உஸ்தாஸ்," என்றாள் நிவீன் முதலாளியிடம். "காயிலை மாத்திப் பார்த்தேன், கெப்பாசிட்டரை மாத்திப் பார்த்தேன். கோளாறு அங்க இல்ல. வெளிய எத்தனை வோல்ட் வருதுன்னு சிப்புக்குச் சொல்ற கம்பி, காயிலுக்கு அடியிலயே ஓடுது. அந்த இரைச்சல்ல ஏத்தணுமா இறக்கணுமான்னு சிப்புக்குப் புரியல. போர்டையே மறுபடி வரையணும். பத்து நாள் ஆகும்."

"வரைஞ்சது நான்."

"தெரியும். அதனாலதான் சொல்றதுக்கே மூணு நாள் ஆச்சு."

ஷவ்கி தேநீரை உறிஞ்சினார். "நாளைக்குக் காலையில சுகாதாரக் கமிட்டி வருது. உன் விரல் மட்டும் எப்படி அடக்குது?"

"அதுவும் ஒரு சின்னக் கெப்பாசிட்டர் மாதிரிதான்."

"அப்ப அந்தக் கெப்பாசிட்டரை எட்டு மணிக்கே வரச் சொல்லு."

"உள்ள குழந்தைங்களுக்குப் போடற மருந்து இருக்கும். பெட்டிக்கு ஒரு ஆளையும் சேர்த்து அனுப்புவீங்களா?"

"ஆர்டர் வரட்டும், அப்புறம் சரி பண்ணலாம். வரலைன்னா இங்க வேலை செய்யற நாற்பது பேர் வீட்டுக்குப் போகணும்."

மறுநாள் மேஜைமேல் புதுத் துணி விரித்து, அதன்மேல் பெட்டியை வைத்திருந்தார்கள். பின்மூடி திறந்திருந்தது. ஸ்விட்சைப் போடும் முன்பே நிவீன் பெட்டிக்குப் பின்னால் போர்டில் விரலை வைத்தபடி நின்றுவிட்டாள்.

கமிட்டியில் இரண்டு பேர். தலைவர் டாக்டர் வக்தி வந்ததும் பஸ்பூசா இனிப்பில் மூழ்கிவிட்டார். மூன்றாவது துண்டில்தான் நிமிர்ந்தார்.

"அந்தப் பொண்ணு ஏன் நின்னுக்கிட்டே இருக்கு?"

"உங்க எதிர்ல உட்கார மாட்டேங்குது டாக்டர். மரியாதை தெரிஞ்ச பொண்ணு."

டாக்டருக்கு முகம் மலர்ந்தது. நான்காவது துண்டை எடுத்தார்.

இன்னொருவர் ரஸ்மிய்யா. ஃபராஃப்ரா பாலைவனச் சோலையில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவர். அவர் எதையும் தின்னவில்லை.

"போன கோடையில எங்க பெட்டி நின்னு போச்சு. மருந்தெல்லாம் வீண். முந்நூறு பிள்ளைங்க. இது நிக்காதே?"

"நிக்கவே நிக்காது," என்றார் ஷவ்கி.

ரஸ்மிய்யா அவரைப் பார்க்கவில்லை. "உன்னைத்தான் கேட்டேன், மகளே."

நிவீன் மனசுக்குள் எடை போட்டாள். முந்நூறு பிள்ளைகள் ஒரு பக்கம், நாற்பது குடும்பங்கள் ஒரு பக்கம். விரல் வியர்த்தது. ஆனது ஆகட்டும் என்று விரலை எடுத்துவிட்டு, கீச்சுச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

சத்தம் வரவில்லை. திரையில் நேர்கோடு. பன்னிரண்டு வோல்ட்.

நம்ப முடியாமல் விரலை வைத்து எடுத்தாள். மறுபடி வைத்து எடுத்தாள். கோடு அசையவில்லை. நேற்று மின்சாரத்தை அணைத்தபின், போகிற போக்கில் பற்றவைத்துவிட்டு வந்த ஒரு சின்னக் கெப்பாசிட்டர் நினைவுக்கு வந்தது. கடைசியில் அதுதான் கைகொடுத்திருக்கிறது. அவளுக்குக் கண் கலங்கியது.

"நிக்காதும்மா. என்னை நம்பிக் கையெழுத்துப் போடுங்க," என்றாள்.

ரஸ்மிய்யா அவள் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஆர்டர் தாளில் கையெழுத்துப் போட்டார்.

கார் தெருமுனை திரும்பியதும் நிவீன் ஓடி வந்தாள். "உஸ்தாஸ், போர்டு சரியாயிடுச்சு. நான் நடுவுலயே விரலை எடுத்துட்டேன்."

"பார்த்தேன்," என்ற ஷவ்கி, குனிந்து மேஜைத் துணியைத் தூக்கினார். மேஜைக்கு அடியில், கடையில் வாங்கிய வெளிநாட்டு கன்வெர்ட்டர் ஒன்று பன்னிரண்டு வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தது. "விடியக்காலையில நானே மாட்டினேன். நம்ம போர்டுல பச்சை லைட் மட்டும்தான் எரிஞ்சுது."

நிவீன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப ரெண்டு மணி நேரம் என்னை எதுக்கு நிக்க வெச்சீங்க?"

"நான் சொன்னா அந்த நர்ஸம்மா நம்ப மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும்," என்று மிச்சமிருந்த பஸ்பூசாவை எடுத்துக்கொண்டார் ஷவ்கி. "நீ மனசு கேக்காம விரலை எடுப்பேன்னும் தெரியும்."