வத்தல் களம்

மெர்சிக்கு அப்போது பதினேழு வயது. ஹெலிகாப்டர் ஓட்டப் பழகத் தொடங்கி இருபது நாள்தான் ஆகியிருந்தது. கீழே மிளகாய் வத்தல் காயும் களத்தில் ஒரு பெண் இரண்டு கைகளையும் வீசிக்கொண்டிருந்தாள். தன்னைப் பார்த்த மகிழ்ச்சியில்தான் கையசைக்கிறாள் என்று பூரித்துப்போன மெர்சி, இன்னும் தாழ இறங்கினாள். "ஏத்து, மேல ஏத்து!" என்று பக்கத்திலிருந்த பயிற்சியாளர் கத்தி, ஹெலிகாப்டரைத் தன் பிடிக்குக் கொண்டுவருவதற்குள் களமே சிவப்புப் புழுதியாக எழும்பிவிட்டது.

மறுநாள் மன்னிப்புக் கேட்கச் சைக்கிளில் தனியே போனாள். அந்தப் பெண் முள்வேலியோரம் குனிந்து, சிதறிய வத்தலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வேப்பமர நிழலில் அவளுடைய மகன், நாலு வயதிருக்கும், இரண்டு கண்களிலும் கட்டுப் போட்டுப் படுத்திருந்தான்.

மெர்சி அவனையே பார்ப்பதைக் கண்டு அந்தப் பெண்ணே சொன்னாள். "புள்ள கெடக்கான், வராத வராதன்னு கையக் கையக் காட்டுதேன். அந்தப் பாவி என் தலைக்கு மேலயே கொண்டாந்து நிறுத்துதான். வத்தப் பொடி அம்புட்டும் புள்ள கண்ணுல. கட்டப் பிரிச்சாத்தான் பார்வை தெரியுமான்னு சொல்ல முடியும்னுட்டாரு டாக்டர்."

பிறகு நிமிர்ந்தாள். "நீ யாரும்மா?"

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்ததை மெர்சி சொல்லத் தொடங்கினாள்.

"அக்கா, நான்தான்..."

"நீதான்?"

குரல் வந்த பக்கம் பையன் முகத்தைத் திருப்பினான்.

"நான்தான் சும்மா நிக்கேனே. பொறுக்கித் தரட்டுமா?"

"நல்லாருப்ப தாயி," என்று அந்தப் பெண் தன் முறத்தை அவளிடம் நீட்டினாள்.