காற்றுக்குழாயை அடைத்த கை

“டர்போ வண்டிக்கு மூச்சுதான் மச்சான் எல்லாமே!” என்று காலையிலிருந்து மெக்கானிக்கின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தான் அவருடைய தங்கை புருஷன். ஸ்பேனரை நேராகப் பிடிக்கத் தெரியாது. வாய் மட்டும் ஓயாது.

அவன் வாங்கிவந்த பெரிய காற்றுக்குழாயை, எஞ்சின் காற்றிழுக்கும் இடத்தில் மெக்கானிக் மாட்டினார். எங்காவது கசிகிறதா என்று பார்க்க, வழக்கம்போல எஞ்சினை ஓடவிட்டுக் குழாயின் வாயை உள்ளங்கையால் அடைத்தார். காற்றில்லாமல் எஞ்சின் அணைய வேண்டும். அணையவில்லை. பேச்சுதான் நின்றது.

திரும்பினார். தங்கை புருஷன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடினான்.

கையை எடுத்தார்.

“...இனிமே வண்டி சும்மா பறக்கும் பாருங்க!” என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான், ஒன்றுமே நடக்காதவன்போல.

மெக்கானிக் உள்ளங்கையைத் துணியில் துடைத்தார். மறுபடியும் குழாயின் வாயில் வைத்தார். இந்த முறை திரும்பிப் பார்க்கவில்லை.