வாங்கியவர் வீட்டுக்கே

ஊரில் குப்பைமேடே இல்லாமல் போய்விட்டது. எதைத் தூக்கிப் போட்டாலும், அதை முதலில் காசு கொடுத்து வாங்கியவர் வீட்டு வாசலில் மாநகராட்சி வண்டி கொண்டுபோய் இறக்கிவிடும். பழுதுபார்த்துப் பயன்படுத்துவதோ வீட்டுக்குள் அடுக்கிவைப்பதோ அவர் பாடு.

கணவன் தனராஜ், ஷர்மிளா என்பவளோடு வேறு வீடு பார்த்துப் போனபோது பூங்கோதை அழவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஏறக்குறைய எல்லாமே அவன் வாங்கியவை.

முதலில் கால் உடைந்த கட்டிலைப் போட்டாள். அடுத்த வாரம் மெத்தையைப் போட்டாள். பிறகு மிக்ஸி, சோபா, அவன் ஆசையாய் வாங்கிய மீன்தொட்டி. வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் போடவில்லை. ஒவ்வொன்றும் ஷர்மிளாவின் கண்ணில் தனித்தனியாகப் பட வேண்டும். கல்யாண ஆல்பத்தைப் போட்ட அன்று மட்டும் வண்டிக்காரரிடம், "அந்தம்மா கையிலயே குடுத்துடுங்கண்ணே" என்றாள்.

வெறும் தரையில் பாய் விரித்துப் படுத்தாள். முதுகு வலித்தது. ஆனாலும் நன்றாகத் தூங்கினாள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, சவரம் செய்யாத முகத்தோடும் கையில் ஒரு பையோடும் தனராஜ் வாசலில் வந்து நின்றான்.

"அங்க கால் வைக்க இடமில்ல, கோதை. அவ என்னையும் வெளிய போகச் சொல்லிட்டா. கொஞ்ச நாள் இங்க இருந்துக்கட்டுமா?"

பூங்கோதை கதவை முழுசாகத் திறக்கவில்லை.

"உங்கள நகையும் ரொக்கமும் குடுத்து வாங்கினது எங்கப்பா. அவர் போய்ச் சேர்ந்துட்டாரு. உங்களத் திருப்பி எடுத்துக்க இங்க யாரும் இல்லைங்க."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.